சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

1944இல் நமது திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து சுமாத்திராவின் பலெம்பாங்குக்குப் பறந்த பி-29 குண்டுவீச்சு விமானத்துக்கு, கணினி விமானச் சிமுலேட்டரில் ஓட்டுவதற்காக ஒரு ஸ்கின் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) செய்கிறேன். வர்ணம் பூசாத வெறும் அலுமினியம். எத்தனை வகைச் சாம்பல் நிறம் போட்டும் பிளாஸ்டிக் பொம்மை போலவே இருக்கிறது. பளபளப்பைக் கூட்டினால் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. எங்கே பிழை?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பிழை அந்தச் சாம்பல் நிறத்தில்தான். அலுமினியம் வானத்தையும் ஓடுபாதையையும் வாங்கிக் காட்டுகிறது; அந்த வேலையை இப்போது சிமுலேட்டரே பார்த்துக்கொள்ளும். அடிநிறத்தை 255க்கு 245 அளவில், கிட்டத்தட்ட வெள்ளையாக வையுங்கள். நிழலும் மினுக்கமும் கையால் வரைய வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால், அடிநிறப் படத்தோடு COMP என்று இன்னொரு படம் இருக்கும்; அதன் நீலச் சேனலில் உலோகத்தன்மை, அதை முழுதாக ஏற்றிவிடுங்கள். பச்சைச் சேனலில் ரஃப்னஸ் என்கிற சொரசொரப்பு. நீங்கள் மெனக்கெட வேண்டியது அந்தப் பச்சையில்.

குசினியில் பழைய அலுமினியச் சட்டி இருந்தால் முற்றத்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கீறல்கள் வட்டவட்டமாகத் தெரியும். நீங்கள் தலையை அசைத்தால் வெளிச்சம் அந்தக் கீறல்களின்மேல் விசிறிபோல் சுற்றும். கைபிடி பொருத்திய ஆணியைச் சுற்றி, தும்பு எட்டாத இடத்தில், மங்கல். சட்டி முழுவதும் ஒரே உலோகம்தான்.

விமானத் தகடுகளும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் தனியாகத் தெரிவுசெய்து சொரசொரப்பைச் சிறிதே ஏற்றி இறக்குங்கள். அளவு மிஞ்ச வேண்டாம். என் முதல் ஸ்கின் கல்யாண வீட்டு எவர்சில்வர் தட்டு. இரண்டாவது சதுரங்கப் பலகை.

இன்னொன்று. பி-29இன் சுக்கானும், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர்களும், சிறகோரத்து எய்லரான்களும் துணி போர்த்தி வெள்ளிப் பூச்சு அடித்தவை. அங்கும் உடம்பின் மினுக்கத்தைப் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எஞ்சின்களுக்குப் பின்னால் வழியும் எண்ணெய்க் கறையும் உலோகம் அல்ல. அந்த இடத்தில் நீலத்தைக் குறையுங்கள்.

திருகோணமலை என்றதும் உப்புக்காற்று அரித்த தடங்களை அள்ளிப் பூச ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஆகஸ்ட் 10ஆம் தேதி இங்கிருந்து கிளம்பிய ஐம்பத்துச் சொச்சம் விமானங்களும் வங்காளத்துத் தளங்களிலிருந்து வந்து, எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனவை. சக்கரத்தடியில் வங்காளத்துப் புழுதி இருந்தால் பொருந்தும்.

முடிந்ததும் சிமுலேட்டரில் நேரத்தைப் பின்னேரம் ஐந்து மணியாக்கி, சீனன்குடா ஓடுபாதையில் நிறுத்திச் சுற்றி வாருங்கள். மூக்கிலிருந்து வால்வரை வெளிச்சம் தகடு தகடாகத் தடுக்கித் தடுக்கிப் போகிறதா என்று பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போனால், பச்சைச் சேனலைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

அன்புடன்,
அண்ணா