மூன்று மாட்டுக் குப்பையும் இரண்டு ஏக்கர் செம்மண்ணும்

கேள்வி: பென்னாகரம் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி நிலம், சரளை கலந்த செம்மண். கேழ்வரகுதான் விதைப்போம். வீட்டில் 3 மாடு. போன ஆடியில் குப்பைமேட்டிலிருந்து இரண்டு டிராக்டர் லோடு அடித்தோம். இருபது நாளில் பயிர் வெளுத்தது, களையோ இரண்டு மடங்கு. குப்பை போட்டால் மண் தேறும் என்கிறார்களே, எங்கே தப்பு?

பதில்: பயிர் வெளுத்ததற்கும் களை பெருகியதற்கும் காரணம் ஒன்றே. குப்பை மக்கவில்லை.

வருஷக்கணக்காகக் கிடந்த மேடுதானே என்பீர்கள். மேட்டின் மேல்புறம் வெயிலில் வறட்டியாகக் காய்ந்துவிடும். அடிப்பகுதி மழையில் ஊறி, காற்றில்லாமல் பச்சையாகவே நாறும். இரண்டும் எருவாகாது. அதை நிலத்தில் போட்டால் மீதி மக்கல் அங்கே நடக்கும். அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற கொஞ்சத் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அது மண்ணுக்குத் திரும்பும்தான், ஆனால் அதற்குள் கேழ்வரகு தூர் கட்டும் பருவம் போய்விடும். களை விதைகளில் பல மாட்டின் வயிற்றில் செரிக்காமல் சாணியோடு வந்துவிடும். குவியல் சூடேறினால்தான் சாகும். மானாவாரியில் பச்சைக் குப்பைக்குக் கரையானும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வருஷம் நிழலில் குவியல் போடுங்கள்: 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம். இதைவிடச் சிறிதானால் சூடு நிற்காது. சாண் நீளத்துக்கு வெட்டிய கேழ்வரகுத் தாள், மாடு தின்னாமல் விட்ட தீவனத் தட்டு, சருகு எல்லாம் அரை அடி; அதன்மேல் நான்கு விரல் கனத்துக்குச் சாணி; மேலே கோமியம் ஊறிய தொழுவ மண். இப்படியே 4 அடி வரை அடுக்குங்கள். தொழுவ மண்ணை விட்டுவிடாதீர்கள். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. சிமெண்ட் தரையைக் கழுவி விடுகிறவர்கள் அதைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள்.

ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் போதாது. நான்கைந்து நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். கடப்பாரையைச் சொருகி 10 நிமிடம் கழித்து உருவினால், நுனியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 15, 30, 50ஆம் நாட்களில் கிளறுங்கள், ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகும்படி. மேலோட்டமாகப் புரட்டினால் ஓரத்துக் களை விதை அப்படியே பிழைத்துக்கொள்ளும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று பொருள். தாளைக் கூட்டிப் போடுங்கள். அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் குவியலில் கொட்டாதீர்கள், அந்த நெடியை அவை கிளப்பிவிடும். சாம்பலை நேரே நிலத்தில் தூவலாம்.

நான்கு மாதத்தில் குவியல் பாதியாக அமுங்கி, மண்வாசனை வரும். சந்தேகமானால் ஒரு பிடியை நனைத்து பாலிதீன் பையில் கட்டி 3 நாள் வைத்துத் திறந்து பாருங்கள். நாறினால் இன்னும் ஆகவில்லை.

இனி அளவு. பரிந்துரை ஏக்கருக்கு 5 டன். ஒரு குவியலில் ஒன்றரை டன் வரை தேறும். 3 மாட்டுச் சாணியில் வருஷத்துக்கு மூன்று, நான்கு குவியல்தான் போட முடியும். அதாவது உங்கள் எரு ஒரு ஏக்கருக்குத்தான் காணும். அதை இரண்டு ஏக்கருக்கும் விசிறினால் எங்கும் பலன் தெரியாது. ஒரு வருஷம் ஒரு ஏக்கர், மறுவருஷம் மற்றது என்று மாற்றிக்கொள்வதே என் யோசனை.

5 டன் எருவில் 25 கிலோ தழைச்சத்து இருக்கும்; முதல் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 7 அல்லது 8 கிலோ. மானாவாரிக் கேழ்வரகுக்கு ஏக்கருக்கு 16 கிலோ வேண்டும். எரு மட்டும் போட்டுவிட்டு விளைச்சல் இல்லை என்று வருந்துவது இந்த இடைவெளியால்தான். 18 கிலோ யூரியா அதை நிரப்பும்: பாதி விதைக்கும்போது, மீதி 25 நாளுக்குமேல் களை எடுத்து மழை பெய்த ஈரத்தில். காய்ந்த மண்ணில் போட்டால் வீண்.

எரு போகாத ஏக்கருக்கு, சலித்த எரு 300 கிலோவுடன் சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை, 50 கிலோ, கலந்து, லேசாக ஈரப்படுத்தி நிழலில் 30 நாள் மூடி வையுங்கள். ஊட்டமேற்றிய தொழு உரம் என்பது இதுதான். செம்மண்ணில் உள்ள இரும்பு, மணிச்சத்தைப் (பாஸ்பரஸ்) பிடித்துக் கட்டிவிடும்; எருவோடு சேர்ந்தால் அந்தப் பிடிப்பு குறையும். ஒரு மூட்டையில் அந்த ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ மணிச்சத்தும் இருக்கிறது. முக்கால் அடி இடைவெளி வரிசையில், விதை விழும் சாலிலேயே இதைப் போடுங்கள், விசிற வேண்டாம். இந்த ஏக்கருக்கு யூரியா 35 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ.

கடைசியாக, எருவை வயலில் சின்னச் சின்னக் குவியலாக இறக்கி மழைக்காக வாரக்கணக்கில் காயவிடும் வழக்கத்தை விடுங்கள். இறைத்த அன்றே உழுது மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். ஏருக்கு ஆள் உறுதியான பிறகு டிராக்டருக்குச் சொல்லுங்கள்.