அரைகுறைத் தோற்றம் வாசகர் கண்ணில் படாமலிருக்க

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு தமிழ் அமைப்பின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்கிறேன்; அது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. சாதாரணம், இருட்டு, முதியவர்களுக்கான பெரிய எழுத்து என மூன்று தீம்கள் (தளத்தின் தோற்ற வடிவங்கள்); வருபவர்களே மாற்றிக்கொள்ளலாம். தீபாவளிக்கு நான்காவது ஒன்று தயாராகிறது. முடியும்வரை அது எனக்கும் எங்கள் செயலாளருக்கும் மட்டும் தெரிய வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. தீம் என்பதோடு ‘ஐ’ சேர்த்தால் ‘தீமை’ ஆகிவிடுகிறது. அதனால் தோற்றம் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் மட்டும் பார்ப்பதென்றால் வேர்ட்பிரஸில் ஏற்கெனவே இருக்கும் முன்னோட்டமே போதும். ஆனால் செயலாளரின் கணக்கு ‘எடிட்டர்’ நிலையில் இருந்தால் அவருக்கு அது திறக்காது. தோற்றத்தை மாற்றும் உரிமை வழக்கமாக நிர்வாகிக்குத்தான். அதற்காக அவரை நிர்வாகி ஆக்கிவிடாதீர்கள்.

பலரும் செய்வது, மாற்றும் பட்டியலிலிருந்து புதியதன் பெயரை எடுத்துவிடுவது. அது கதவைப் பூட்டாமல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவது மாதிரி. வாசகரின் தேர்வு குக்கீயில்தான், அதாவது அவருடைய பிரவுசரில் தளம் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பில்தான், இருக்கிறது. அதில் புதிய தோற்றத்தின் ஃபோல்டர் பெயரை யாரும் எழுதிப் பார்க்கலாம். எனவே சர்வர் பக்கம்தான் தடுக்க வேண்டும். ஒரு சின்ன பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதுங்கள். பொதுவான மூன்று பெயர்களும் அதில் இருக்கட்டும். குக்கீயில் வருவது அந்த மூன்றில் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கமான தோற்றம். நான்காவது, லாகின் செய்த உங்கள் இருவரின் கணக்குக்கு மட்டும். எந்தத் தோற்றம் என்ற வேர்ட்பிரஸின் பதிலைப் பிளகின் மாற்றித் தரும் இடங்கள்தான் ஃபில்டர்கள். ‘டெம்ப்ளேட்’, ‘ஸ்டைல்ஷீட்’ என்ற இரண்டு ஃபில்டர்களிலும் பதில் கொடுக்க வேண்டும். சைல்டு தோற்றம் (இன்னொரு தோற்றத்தைத் தாயாக வைத்து எழுதியது) என்றால் முதலாவதில் தாயின் பெயர், இரண்டாவதில் பிள்ளையின் பெயர். இந்தச் சோதனை பிளகின்கள் எல்லாம் ஏறி முடிந்த பிறகு நடக்கட்டும். அதற்கு முன் லாகின் ஃபங்ஷன்களே அங்கே இருக்காது.

இதில் ஒரு பொறி உண்டு. ஃபில்டர் தோற்றத்தை மாற்றினாலும், மெனு எந்த இடத்தில் வரும் என்பது போன்ற அமைப்புகளை வேர்ட்பிரஸ் தளத்தில் இயங்கும் தோற்றத்திலிருந்தே எடுக்கும். நான்கிலும் மெனு இடங்களுக்கு ஒரே பெயர் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதில் மெனு காலியாக நிற்கும், கோடில் தப்பு தேடி ஒரு மாலை போய்விடும்.

அப்புறம் கேஷ், அதாவது ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்து அடுத்து வருபவர்களுக்கும் அதையே கொடுக்கும் வசதி. லாகின் இல்லாமல் ஒரு ரகசிய லிங்க் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நேரம். நான் அந்த லிங்க்கைத் திறந்ததும் கேஷ் அந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் ‘இங்கே படம் வரும்’ என்ற சாம்பல் பெட்டிதான். லாகின் செய்தவர்களுக்குப் பெரும்பாலான கேஷ் பிளகின்கள் பக்கத்தைச் சேமித்துக் கொடுப்பதில்லை. இருந்தாலும் உங்களுடையதில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் அந்தக் குக்கீயைப் பொறுத்துத் தனித்தனிப் பிரதி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெரிய எழுத்து கேட்ட தாத்தாவுக்கு இருட்டுத் தோற்றம் போய்ச் சேரும்.

கடைசியாக, தோற்றத்தின் ஃபோல்டரில் இருக்கும் படங்களையும் சிஎஸ்எஸ் (நிறம், எழுத்தளவு போன்ற வடிவமைப்பு) கோப்புகளையும் இந்தப் பிளகின் மறைக்காது. முகவரி தெரிந்தால் யாரும் திறக்கலாம். சிறப்பு விருந்தினர் யார் என்று அறிவிக்கும்வரை அவர் படத்தை அங்கே போடாதீர்கள்.