பாராதைராய்டு ஆபரேஷனும் பிடிஎச் சோதனையும்: வாசகர் கேள்விகள்

கட்டியை எடுத்த பிறகு எத்தனை நிமிடம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும்?

பத்து. பிடிஎச் என்பது கழுத்திலுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும், ரத்தக் கால்சியத்தைக் கூட்டும் ஹார்மோன். அதை மிகையாகச் சுரக்கும் சுரப்பிதான் இந்தக் கட்டி. அது வெளியே வந்துவிட்டதா என்று ஆபரேஷன் நடக்கும்போதே காட்டுவது இந்தச் சோதனை. பிடிஎச் ரத்தத்தில் 3 முதல் 5 நிமிடத்தில் பாதியாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெதுவாகத்தான் இறங்கும். அவர்களுக்கு 15, 20 நிமிடம் கொடுங்கள்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் 180, 310, 140, 95 என்று இருக்கிறது. நோய் குணமாகிவிட்டதா?

நான்கு எண்களை மட்டும் அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எது எந்த நேரத்து ரத்தம்? எந்த இடத்தில் எடுத்தது? ரிப்போர்ட்டில் அது இல்லை என்றால் தவறு உங்களுடையதல்ல. ஆபரேஷன் தியேட்டரில் ட்யூபில் மணி எழுதவில்லை. இந்த அலட்சியத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முறை இதுதான். கத்தி வைக்கும் முன் ஒன்று. சுரப்பியைப் பிரித்தெடுத்து, அதன் ரத்தக்குழாயைக் கட்டுவதற்குச் சற்று முன் ஒன்று. கட்டியபின் 5, 10 நிமிடங்களில் ஒவ்வொன்று. முதல் இரண்டில் எது அதிகமோ, அதிலிருந்து பத்தாம் நிமிடத்தில் பாதிக்கு மேல் இறங்க வேண்டும். அமெரிக்காவின் மியாமியில் சர்ஜன் ஜார்ஜ் இர்வின் வகுத்த அளவுகோல் இது. சுரப்பியைத் தொட்டு அழுத்தினாலே பிடிஎச் எகிறும் என்பதால்தான் இரண்டாவது ட்யூப். அதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? உங்கள் எண்களையே இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 180இலிருந்து 95 என்றால் இறக்கம் 47 சதவீதம். போதாது என்று கழுத்தின் மறுபக்கத்தையும் வீணாகத் துழாவுவார்கள். 310இலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 70.

ஆனால் அந்த 140தான் பத்தாம் நிமிடம் என்றால்? 310இல் பாதிக்குக் கீழேதான். ஆனாலும் இயல்பான உச்சம் சுமார் 65 என்பதால் எனக்கு நிம்மதி வராது. இன்னொரு சுரப்பி வேலை செய்துகொண்டிருக்கலாம். 20 நிமிடத்தில் மறுபடி பார்க்காமல் தையல் போடக் கூடாது.

கடிகாரம் ஓடத் தொடங்குவது குழாயைக் கட்டிய நொடியில். கட்டி தட்டுக்கு வந்த நேரத்தில் அல்ல. சர்ஜன் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எல்லா ரத்தமும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். முதல் ட்யூப் கழுத்து நரம்பில், அடுத்தது கையில் என்றால் ஒப்பீடே இல்லை. சலைன் ஓடும் லைனில் எடுப்பதானால் ஓட்டத்தை நிறுத்தி, முதல் 5, 10 மில்லியைக் கழித்துவிட்டு எடுங்கள். நீர்த்த ரத்தம் பொய்யான இறக்கம் காட்டும். மெல்லிய ஊசியில் வலிந்து உறிஞ்சினால் சிவப்பணு உடையும். அதிலும் அளவு குறைவாகத்தான் வரும். ஊதா மூடி ட்யூப். அதன்மேல் மணி.

ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் நோய் இல்லைதானே?

தவறு. நோயைச் சொல்வது ரத்தக் கால்சியமும் பிடிஎச்சும். ஸ்கேன் இடத்தை மட்டும் காட்டும். 24 மணி நேர சிறுநீர்க் கால்சியம் பார்த்தாயிற்றா என்பதை நீங்கள் எழுதவில்லை. குடும்பவழியாகக் கால்சியம் கூடியிருக்கும் வகையா என்று அதில் தெரியும். அந்த வகைக்கு ஆபரேஷனால் பயனில்லை.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுகிறேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். சில கிட்டுகளில் பிடிஎச்சைக் குறைத்துக் காட்டும். லேபில் எந்த கிட் என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது நல்லது, அதிக டோஸ் என்றால் இன்னும் முன்னதாக.

எங்கள் மருத்துவமனையில் விரைவுச் சோதனை இல்லை. வெளி லேபிலிருந்து ரிசல்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும். அனுப்பலாமா?

மேசையில் முடிவெடுக்க அது உதவாது. செஸ்டமிபி (கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்), அல்ட்ராசவுண்டு இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் இந்தச் சோதனை இல்லாமலும் சமாளிக்கலாம். முரண்பட்டால், அனுபவமுள்ள சர்ஜன் நான்கு சுரப்பிகளையும் கண்ணால் பார்ப்பதே வழி. எடுத்த திசுவை உடனே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனை நம்பி முடிக்க வேண்டாம். எடுத்தது பாராதைராய்டுதான் என்று அது சொல்லும், மிச்சம் இருக்கிறதா என்று சொல்லாது.

பிடிஎச் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் விரல்கள் மரத்துப்போகின்றன.

இன்றே கால்சியம் பாருங்கள். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரைதான் அது அதிகம் இறங்கும். எலும்பு தேய்ந்தவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் கூடுதலாக. கை இழுத்துக்கொண்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்; கால்சியத்தை நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இனி ரத்தப் பரிசோதனையே வேண்டாமா?

வேண்டும். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் இயல்பாக இருந்தால்தான் குணம் என்று எழுதுவோம்.