பாக்கி வைத்தவர் காங்கிரஸ் உறுப்பினர் என்றால்?

கேள்வி: 1797-ல், அன்றைய அமெரிக்கத் தலைநகரான பிலடெல்ஃபியாவில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதுகிறேன். காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவர் தையல்காரருக்கு 60 டாலர் பாக்கி. தையல்காரர் அவரைக் கைது செய்ய வைக்க முடியுமா? இல்லையென்றால் பணத்தை எப்படி வாங்குவார்?

பதில்: சாதாரண ஆளாக இருந்தால் பெரும்பாலும் முடியும். அந்தக் காலத்தில் கடன் வழக்கே பெரும்பாலும் கைதில்தான் தொடங்கும். அதிகாரி வந்து பிடிப்பார். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லையென்றால் உள்ளே போக வேண்டியதுதான்.

உங்கள் ஆள் காங்கிரஸ் உறுப்பினர் என்பதுதான் சிக்கல். அரசமைப்பின் முதல் பிரிவு, 6-வது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கூட்டத்தொடருக்கு வரும்போதும், அதில் இருக்கும்போதும், ஊர் திரும்பும்போதும் உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது. தேசத்துரோகம், பெருங்குற்றம், பொது அமைதியைக் குலைத்தல் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. மூன்றுமே குற்ற வழக்குகள். அப்படியானால் இந்தப் பாதுகாப்பு யாரைத் தடுக்கிறது? முக்கியமாக, உங்கள் தையல்காரரைப் போன்றவர்களைத்தான்.

ஆகவே அவருக்கு வக்கீலைவிடக் காலண்டர் முக்கியம். 1797-ல் சிறப்புக் கூட்டத்தொடர் மே 15 முதல் ஜூலை 10 வரை நடந்தது. அடுத்தது நவம்பர் 13-ல்தான். நடுவில் நான்கு மாதம். ஊர் திரும்ப எத்தனை நாள் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை, நியாயமான அவகாசம் போதும். உங்கள் உறுப்பினர் தென் கரோலினாக்காரராக இருந்து, ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டால், அந்த ஊரில் ஆள் வைத்து வழக்குப் போட வேண்டும். 60 டாலருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் சொந்த வியாபாரத்துக்காக அவர் பிலடெல்ஃபியாவிலேயே தங்கிவிட்டால், ஜூலைக் கடைசியில் கைது செய்ய ஆள் அனுப்பலாம். ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வருடம் மஞ்சள் காய்ச்சல் வந்து ஊரில் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

கைது வேண்டாம், சம்மன் மட்டும் கொடுக்கலாமே என்று தோன்றும். இன்றைய சட்டப்படி அது சரி. உச்ச நீதிமன்றம் 1934-ல் அப்படித்தான் சொன்னது. ஆனால் 1790-ல், பிலடெல்ஃபியா இருக்கும் மாநிலமான பென்சில்வேனியாவின் நீதிமன்றம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு அவை நடக்கும்போது சம்மன்கூடக் கூடாது என்று கருத்துச் சொல்லியிருந்தது. உங்கள் வக்கீல் பாத்திரம் அதை நினைத்துத் தயங்கட்டும்.

அன்று காங்கிரஸ் உறுப்பினருக்குத் தினப்படி 6 டாலர். பத்து நாள் படியில் கடன் தீர்ந்துவிடும், கஜானாவிலேயே முடக்கிவிடலாமா? அந்த வழியில் போகாதீர்கள். இதே போன்ற ஒரு வழக்கு 1846-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பல் மாலுமிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள், கப்பலின் சம்பள அதிகாரியிடம் இருந்த பணத்தை முடக்கப் பார்த்தார்கள். கைக்குப் போய்ச் சேரும்வரை அது அரசாங்கப் பணம், தொடக் கூடாது என்று தீர்ப்பு. பணம் உறுப்பினரின் பைக்குள் போனபிறகுதான் கேட்க முடியும்.

ஆதாரத்துக்குக் கவலை வேண்டாம். கடைச் சிட்டையையே கோர்ட்டில் காட்டி, ‘என் கையால் எழுதியது’ என்று சத்தியம் செய்தால் ஏற்பார்கள். சிட்டையில் டாலர் கணக்கு எழுதாதீர்கள். அன்றைய கடைக்காரர்கள் பலர் இன்னும் பவுண்டு, ஷில்லிங்கில்தான் எழுதினார்கள். பென்சில்வேனியா கணக்கில் ஒரு டாலருக்கு ஏழரை ஷில்லிங். 60 டாலர் என்றால் 22 பவுண்டு 10 ஷில்லிங். மூன்று வரியாகப் பிரித்து எழுதுங்கள்: கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, பட்டன். கடன் வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் உண்டு, பொறுமையாகவே இருக்கலாம்.

ஒரு யோசனை. உறுப்பினரை நீதிபதியாக மாற்றிப் பாருங்களேன். நீதிபதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன், அரசமைப்பில் கையெழுத்திட்டவர், இதே 1797-ல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அடுத்த வருடம் வட கரோலினாவில் இறந்தபோதும் பதவி அவரிடமே இருந்தது.

இல்லையென்றால் ராபர்ட் மோரிஸ். 1795 வரை செனட்டர், அதாவது காங்கிரஸின் மேலவை உறுப்பினர். பதவி போனபின் கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து ஊருக்கு வெளியே தன் மாளிகையில் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தார். வெளியே கான்ஸ்டபிள்கள் காத்திருந்தார்கள். 1798 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் ப்ரூன் தெருச் சிறைக்குப் போய், 1801 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். உங்கள் கதை அந்தக் குளிர்காலம்வரை நீண்டால், தையல்காரரை ஒருநாள் அந்தத் தெரு வழியாக நடக்கவிடுங்கள்.