செக்கிங் டேபிளில் மூட்டை, கையில் கடன் மனு

வாசகர் கேள்விகளுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அவிநாசி பக்கம் 40 மெஷின் போட்டு டீ-ஷர்ட் தைக்கிறோம். தையல் லைன் நிற்பதே இல்லை. ஆனாலும் எட்டு மணி நேர ஷிப்டில் 1,100 பீஸுக்கு மேல் பேக்கிங்குக்குப் போவதில்லை. செக்கிங்கில் மூன்று பெண்கள். பிசிறு வெட்டுவதும் அவர்களே. அவர்களைச் சுற்றி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இன்னும் ஆறு ஓவர்லாக் தையல் மெஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டுக்காரர் பேங்கில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அம்மணி. மூட்டை செக்கிங்குக்கு முன்னால் கிடக்கிறது என்றால், தையல் ஏற்கெனவே செக்கிங்கை முந்திக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். ஆறு ஓவர்லாக் வந்தால் மூட்டைதான் உயரும். ஒரு பெட்டிகூட அதிகமாகப் போகாது. எதற்கு முன்னால் சரக்கு குவிகிறதோ, எதற்குப் பின்னால் ஆள் சும்மா நிற்கிறாரோ, அங்கேதான் அடைப்பு. நாளைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு, செக்கிங்குக்கு அடுத்த அயன் டேபிளை எட்டிப் பாருங்கள். அயன் மாஸ்டர் போனை நோண்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது கையில் வாட்சை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் கணக்குப்படி பார்த்தால் பிசிறு வெட்டி, அளவு பார்த்து, கறை பார்த்து மடிக்க ஒரு பீஸுக்கு 80 விநாடி ஆகிறது. ஒருவர் மணிக்கு 45 பீஸ், மூவர் 135, எட்டு மணி நேரத்துக்கு 1,080. உங்கள் 1,100 எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா? பிசிறு வெட்டுவதை இரண்டு, மூன்று கைமடி ஆட்களிடம் (உதவியாட்களிடம்) கொடுத்துவிட்டால் செக்கர் கையில் ஒரு பீஸ் 45 விநாடியில் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மூன்று பேர் 1,920 பார்ப்பார்கள். இதற்கு எந்த பேங்க் மேனேஜரையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆல்டர் பீஸையும், அதாவது பிழை திருத்தத் திரும்பிப் போகிற பீஸையும் கவனியுங்கள். கழுத்து ரிப் ஏற்றுகிற இடத்தில் தையல் விட்டுப்போனால் 300 பீஸ் தாண்டி செக்கிங்கில்தான் தெரியவரும். பிரித்துத் தைத்து வந்ததை அதே மூன்று பேர்தான் மறுபடி பார்க்க வேண்டும். இருப்பதிலேயே குறுகலான இடத்தில் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது போன்ற வீண் வேறில்லை. மணிக்கு ஒரு தடவை, கழுத்து ஏற்றிய கையோடு ஐந்து பீஸ் எடுத்துப் பார்க்கச் சொல்லி லைன் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட் இயற்பியல் படித்துவிட்டு ஆலைகளுக்குள் வந்தவர். அடைப்பில் போகிற ஒரு மணி நேரம் ஆலை முழுவதற்கும் போன ஒரு மணி நேரம், மற்ற இடத்தில் மிச்சம் பிடிக்கிற மணி நேரத்துக்கு மதிப்பே இல்லை என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை ஒரு செக்கர் வராமல் போனால் உங்களுக்கு நஷ்டம் 360 பீஸ். நாற்பது மெஷினில் ஒரு டெய்லர் வராவிட்டால் அன்றைக்கு பேக்கிங்கில் ஒன்றும் தெரியாது.

டெய்லரைக் குறை சொல்ல மாட்டேன். பீஸ் ரேட்டில் இருப்பவருக்குத் தன் கையை விட்டுப் போனதுதான் கூலி. அது எங்கே போய்க் குவிகிறது என்று அவர் ஏன் பார்க்க வேண்டும்? கூலிக் கணக்கே மூட்டையை வளர்க்கிறது. செக்கிங் டேபிளில் ஒரு கோடு போடுங்கள். மூட்டை அதைத் தாண்டினால் லைனிலிருந்து இரண்டு பேரை அவர்கள் கூலி குறையாமல் செக்கிங்குக்கு அழைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள்.

இது சரியானதும் மூட்டை அயன் டேபிளுக்கு முன்னால் போய் உட்காரும். பயப்பட வேண்டாம், அங்கேயும் வாட்சைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் நான். சாம்பிள், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் முதலாளி கையெழுத்து வேண்டும். அவர் வாரத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. ஷிப்மென்ட் தள்ளிப்போனால் திட்டு எனக்கு.

பதில்: தம்பி, உங்கள் கம்பெனியின் செக்கிங் டேபிள் முதலாளியின் மேஜைதான். அதை வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது. எந்தத் தாள் எந்தத் தேதியில் உள்ளே போனது, எந்தத் தேதியில் வெளியே வந்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பிய சரக்கின் பில் ஒன்றைத் தேடியெடுத்து நோட்டுக்கு மேலே வைத்துக் கொடுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: பழைய ஆர்டரே திரும்ப வந்தால் பெட்டிக்கும் பாலிபேக்குக்கும் நானே கையெழுத்துப் போடட்டுமா? நிறமும் அளவும் அவரிடமே இருக்கட்டும். முழு அதிகாரம் கேட்டால் எந்த முதலாளியும் தரமாட்டார்.

கேள்வி: சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய மெஷின் ஒன்றுதான். சும்மா நிற்பதே இல்லை. ஒரு லோடுக்கு எட்டு மணி நேரம்தான் ஆகிறது. ஆனால் துணி வந்து மூன்று நாளுக்குப் பிறகுதான் மெஷினில் ஏறுகிறது. ஏன்?

பதில்: சும்மா நிற்பதே இல்லை என்பதால்தான்! ஆர்டர் ஒழுங்கில்லாமல் முன்னே பின்னே வருகிற, லோடு நேரமும் கூடக் குறைய ஆகிற இடத்தில், ஒரு மெஷின் 80 சதவீதம் ஓடினால் துணி சராசரியாக நான்கு லோடு நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது லோடு. உங்களுக்கு 72 மணி நேரம், அதாவது நீங்கள் சொன்ன அதே மூன்று நாள். 95 சதவீதம் போனால் பத்தொன்பது.

ஆகவே நேரத்தை மீட்க வேண்டும். காலையில் வெளிர் நிறம், பிறகு அடர் நிறம், கடைசியில் கறுப்பு என்று வரிசை போட்டால் மெஷின் கழுவுகிற நேரம் மிஞ்சும். லேப் டிப்புக்கு (சின்னத் துணியில் போட்டுக் காட்டும் சாய மாதிரிக்கு) பையரின் ஒப்புதல் வராமல் துணியை ஏற்றாதீர்கள். நிறம் ஒத்துவராமல் மறுசாயம் போட்டால் இன்னொருவர் துணியின் எட்டு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இரண்டாவது மெஷின் யோசனை இருந்தால் ஒன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நிட்டிங்கும் தையலும் நன்றாக இருந்தும் ஊரே தடுமாறியது. அடைப்பு சாயத்தில்கூட இல்லை, கழிவுநீரில் இருந்தது. மெஷினுக்கு விலை கேட்பதற்கு முன் உங்கள் சுத்திகரிப்பு நிலையம் உங்களிடமிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் எடுக்கும் என்ற தாளை எடுத்துப் பாருங்கள்.