கொம்பியூட்டர் கொழும்புக்குப் போகிறதாம்!

கேள்வி: எங்கள் கம்பனியில் 900 பேர், திருகோணமலைக் கிளையில் 120 பேர். மேசைகளில் இருக்கும் கொம்பியூட்டர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு சின்னப் பெட்டி வைத்து, கொழும்பு சேர்வரில் இருந்து டெஸ்க்டொப் தரப்போகிறார்களாம். 'விடிஐ' என்கிறார்கள். கந்தோரில் ஒரே கலவரம். வேலை இழுபடுமா, ஐயா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இழுபடவேண்டும் என்று விதி இல்லை, பிள்ளை. நான் இழுபட்ட கதையைச் சொல்கிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விண்டோஸ் இனிக் கொழும்பில் ஓடும். உங்கள் மேசைக்கு வருவது அதன் படம் மட்டும். இங்கிருந்து போவது நீங்கள் தட்டும் எழுத்தும் மௌஸ் அசைவும். போய்வர 150 மில்லிசெக்கனுக்குள் முடிந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கொழும்புக்கும் நமக்கும் இடையில் ஒழுங்கான ஃபைபர் இருந்தால் அதில் சிறு பங்குகூடத் தேவைப்படாது. ஆக, தூரம் பிரச்சினையே இல்லை. காலை எட்டரை மணிதான் பிரச்சினை.

ஓய்வுபெறுமுன் நான் இருந்த கம்பனியில் இதே மாற்றத்தை நான்தான் முன்னின்று செய்தேன். முதல் திங்கட்கிழமை எட்டரைக்கு எல்லோரும் ஒன்றாக லொகின் பண்ணினார்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. தேத்தண்ணி இரண்டு தரம் வந்துபோனது. ஒன்பது பத்துக்குத்தான் முதல் டெஸ்க்டொப் திறந்தது. முன்பு ஆளுக்கொரு டிஸ்க் இருந்தது; இப்போது எல்லோரும் சேர்ந்து ஒரு தட்டுப் பழைய சுழலும் டிஸ்க்குகளைப் பிடித்து இழுத்தால் வேறென்ன நடக்கும்? போதாததற்கு ஒன்பது மணிக்கு எல்லா டெஸ்க்டொப்பிலும் வைரஸ் ஸ்கான் வேறு தொடங்கியது, அதற்கு நேரம் குறித்த புண்ணியவானும் நான்தான். பிறகு ஸ்ரோரேஜை சுழலாத, வேகமான ஃப்ளாஷ் டிஸ்க்குகளுக்கு மாற்றி, ஏழு மணிக்கே டெஸ்க்டொப்புகளைத் தானாக எழுப்பி, ஸ்கானை இரவுக்குத் தள்ளியபோதுதான் மூச்சு வந்தது.

அதைவிட என் மானத்தை வாங்கியது பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட். நிர்வாகப் பகுதியில் ஓர் அக்கா, பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதமெல்லாம் பாமினியில்தான் அடிப்பார். புது டெஸ்க்டொப்பில் பழைய கடிதத்தைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபொன்ட் இல்லை, அவ்வளவுதான். போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை ஃபோன்: "தம்பி, எழுத்து திரும்ப ஓடிட்டுது." மூன்று நாள் இதே கூத்து. நாங்கள் கொடுத்திருந்தது லொகவுட் பண்ணினால் அழிந்து, அடுத்த முறை எல்லோருக்கும் பொதுவான ஒரு மூலப்பிரதியில் இருந்து புதிதாகப் பிறக்கும் வகை. அவருக்குப் போட்ட ஃபொன்ட்டும் ஒவ்வொரு மாலையும் அதோடு அழிந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் மூலப்பிரதியிலேயே போட்டேன். ஒரே தரத்தில் கந்தோர் முழுவதற்கும் சரியானது. விடிஐயின் தொல்லையும் சுகமும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அதனால், உங்கள் ஐரி ஆட்கள் கொழும்பில் இருந்து வரும்போது ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து மேசை மேசையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர், லொறி நிறுக்கும் தராசில் இருந்து வரும் வயர், யாரோ சொந்தமாகக் கொண்டுவந்து வைத்த ஸ்கானர், எல்லாம் எழுதப்படவேண்டும். முதலில் மாற்றவேண்டியது மனேஜரை அல்ல. அவர் பார்ப்பது இமெயில் மட்டும், எதிலும் ஓடும். மாத முடிவுக் கணக்கு முடிக்கும் ஆட்களில் பத்துப் பேரை மாற்றி, ஒரு மாத முடிவைத் தாண்டுகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, மாரி. முன்பு கொழும்புக்குப் போகும் இணைப்பு லைன் போனாலும் எக்ஸெல் ஓடியது. இனி லைன் போனால் மேசையில் ஒன்றுமே இல்லை. இரண்டு லைன் கேளுங்கள். இரண்டும் ஒரே தூண்வரிசையில் வந்தால் அது இரண்டு அல்ல, மரம் விழுந்தால் சேர்ந்தே போகும். கரண்ட் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு லாபம்: அந்தச் சின்னப் பெட்டி பழைய கொம்பியூட்டரைவிட மிகக் குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும், யுபிஎஸ் நெடுநேரம் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது இதன் அருமை தெரிந்திருக்கும்.

கேள்வி: செலவு பாதியாகும் என்று விற்பனைக்கு வந்தவர் சொல்கிறார். நம்பலாமா?
– கணக்காளர், உவர்மலை

பதில்: முதல் வருடம் கூடத்தான் போகும். சேர்வர், ஸ்ரோரேஜ், பிறகு லைசன்ஸ். சின்னப் பெட்டியில் இருந்து விண்டோஸ் டெஸ்க்டொப்பைத் திறக்க மைக்றோசொஃப்டுக்குத் தனி உரிமை வாங்கவேண்டும். விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். விடிஐ மென்பொருள் விற்ற விஎம்வெயார் கம்பனியை 2023 நவம்பரில் புரோட்கொம் என்ற கம்பனி வாங்கியபின் அங்கே ஒரேயடியாக வாங்கிவைக்கும் லைசன்ஸ் போய்ச் சந்தா வந்துவிட்டது. அவர்களின் டெஸ்க்டொப் பகுதியான ஹொரைசன் இப்போது ஒம்னிஸ்ஸா என்ற தனிக் கம்பனி. பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது என்று பழைய கொம்பியூட்டர்களை இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். லினக்ஸ் போட்டு அவற்றையே 'சின்னப் பெட்டி'யாக இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

கேள்வி: நிலாவெளி வீட்டில் இருந்தே வேலை செய்ய விடுவார்களா?
– பெயர் வேண்டாம்

பதில்: தொழில்நுட்பம் விடும். உங்கள் மனேஜர் விடுவாரா என்று நான் எப்படிச் சொல்வது? வீடியோக் கூட்டங்களுக்கு மட்டும், படமும் குரலும் கொழும்புச் சேர்வரைச் சுற்றாமல் உங்கள் வீட்டு இணைப்பில் நேரே போகும்படி செய்து தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வாயசைத்து முடித்தபிறகுதான் குரல் வரும்.