பம்ப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிள்ளையின் வாயைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்குத் தலைப்பிரசவம். தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன், பிள்ளை பிறந்து 12 நாள். இரண்டு காம்பும் வெடித்துப் புண்ணாகி, பிள்ளை வாய் வைத்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. ஆயா விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் காரைக்குடியில் ஒரு கடையில் 2,600 ரூபாய்க்குக் கையால் அமுக்குகிற பம்ப்பும் சிலிக்கான் காம்பு உறையும் வாங்கி வந்தார். பம்ப் வைத்தால் வலி இன்னும் கூடுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு பால்பவுடர் டின்னைக் காட்டினார்களாம். வேறு என்னதான் வாங்குவது?

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். முதல் சில நாள் வாய் வைத்ததும் அரை நிமிடம் சுருக்கென்று இருப்பது சகஜம், ஆனால் புண்ணாகிறது என்றால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் அதுதான் காரணம். பால் குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள், சாய்வாகச் சீவிய லிப்ஸ்டிக் மாதிரி நசுங்கி இருக்கிறதா? அப்படியானால் அதேதான். நம் வீடுகளில் ஆத்தங்குடித் தரையில் சம்மணம் போட்டு, மடியில் கிடக்கிற பிள்ளைமேல் முதுகு வளைத்துக் குனிந்து பால் கொடுப்போம் பாருங்கள், அதை விடுங்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் இரண்டு தலையணை போட்டு, பிள்ளையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டட்டும். வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று அணையுங்கள், தாடை மார்பில் பதியணும், கீழுதடு வெளியே மடியணும், காம்போடு சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் கணிசமாக உள்ளே போகணும். வலித்தால் இழுக்காதீர்கள், வாய் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி வையுங்கள்.

குடித்து முடித்ததும் தாய்ப்பாலையே இரண்டு சொட்டு தடவிக் காற்றாட விடுங்கள், சோப்பு வேண்டாம். ஆயா கோபித்துக்கொண்டாலும் சரி, விளக்கெண்ணெய் வேண்டாம், அது பிள்ளை வாய்க்குள் போகும். ஏதாவது தடவியே ஆகணும் என்றால் மருந்துக்கடையில் சுத்திகரித்த லேனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகுக் களிம்பு) என்று கேளுங்கள், துடைக்காமலே பால் கொடுக்கலாம். மரத்துப்போக வைக்கிற களிம்பு மட்டும் கூடவே கூடாது. அந்த உறையையும் நர்ஸ் பார்த்துச் சொல்லாமல் போடாதீர்கள், பால் குறையலாம்.

காய்ச்சல் வந்தாலோ, மார்பில் ஒரு பக்கம் சிவந்து சுட்டாலோ, பால் கொடுத்த பிறகும் எரிச்சல் நிற்காமல் பிள்ளை வாயில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டர். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போனாலும் தாமதிக்காதீர்கள்.

பம்ப்பைப் பொறுத்தவரை, மார்பில் வைக்கிற புனலில் 24 என்பது போல ஓர் எண் இருக்கும், அது மில்லிமீட்டர். காம்பு பக்கச் சுவரில் உரசினால் புனல் சிறியது, கறுப்பு வட்டமும் உள்ளே இழுபட்டால் பெரியது. பம்ப்பை மாற்றத் தேவையில்லை, அந்தக் கம்பெனியின் வேறு அளவுப் புனல் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கடைக்காரர் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன், வலிக்கிறது என்பதற்காகத் திருப்பி வாங்கச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் உறிஞ்சுவதே இல்லை, வால்வு கிழிந்திருக்கிறது என்றால் அது குறைபாடு. பில்லில் வேறு கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். பவுடர் டின்னைக் காட்டினாரே, அதன் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், டின்மேலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சடித்திருக்கும், அவருக்குப் படிக்க நேரமில்லை போலும்.

பில்லை பத்திரமாக வையுங்கள். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.